‘என்தூசியாஸ்டிக்கலி’யை எங்கே வைப்பது?

போன வாரம் அண்ணன் மகள் ஒரு வேலை விண்ணப்பக் கடிதத்தைக் கொண்டுவந்து, “அத்தை, ஒரு தடவை பார்த்துக் கொடுங்க” என்றாள். ஒரே பக்கம்தான். அந்த ஒரு பக்கத்தில் மூன்று இடங்களில் ‘என்தூசியாஸ்டிக்கலி’ இருந்தது. “உங்கள் பள்ளியில் சேர என்தூசியாஸ்டிக்கலி விரும்புகிறேன்” என்று முதல் வரி. நடுவில், “எனக்குக் கணிதம் என்தூசியாஸ்டிக்கலி தெரியும்.” முடிக்கும்போது, “உங்கள் பதிலுக்காக என்தூசியாஸ்டிக்கலி காத்திருக்கிறேன்.” கடிதம் ஆங்கிலத்தில்தான் இருந்தது, இங்கே எளிதாகப் புரியட்டும் என்று மற்றதைத் தமிழாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

“இந்தச் சொல்ல எங்கேருந்து எடுத்தே?” என்று கேட்டேன்.

“ஆர்வத்தோடன்னு எழுத நினைச்சேன். அகராதியில இதுதான் இருந்துச்சு.”

அவள் மேல் குற்றமில்லை. அகராதியைத் திறந்தால் உற்சாகமாக, ஆர்வத்துடன், ஊக்கத்துடன் என்று வரிசையாகத்தான் இருக்கும். அந்த வரிசையைப் பார்க்கும் யாருக்கும் எல்லாம் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். இருபது வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் என் குறிப்பேட்டில் நான்கு பக்கம் இருக்கிறது. அதிலிருந்து, நம்மவர்களுக்கு அடிக்கடி தேவைப்படுவதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவளிடம் கேட்ட கேள்வி: “பதிலுக்குக் காத்திருப்பேன்னு எழுதியிருக்கியே, அப்ப பக்கத்துல ஒருத்தர் இருந்தா அவர் கண்ணுக்கு என்ன தெரியும்?”

கொஞ்சம் யோசித்தாள். “ஒண்ணும் தெரியாது அத்தை. சும்மா போனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன்.”

“அப்ப அங்க அந்தச் சொல் வராது.”

என்தூசியாஸ்டிக்கலி என்பது வெளியே தெரிகிற உற்சாகம். குரல் உயரும், கை தட்டும், தலை வேகமாக ஆடும், முகம் மலரும், பேச்சு பெருகும். பார்ப்பவருக்கும் கேட்பவருக்கும் புலப்படுகிற மாதிரி ஒரு செயல் இருந்தால்தான் இந்த வினையடை அதில் ஒட்டும். மனதுக்குள்ளேயே இருக்கும் ஆசைக்கு இது பொருந்தாது. எழுதும்போது எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: அந்தச் செயலைக் காணொளியாக எடுத்தால் உற்சாகம் அதில் பதிவாகுமா? பதிவாகும் என்றால் தாராளமாக எழுதலாம்.

அதனால்தான் இந்தச் சொல் சில வினைச்சொற்களோடு கைகோத்துக்கொண்டே வரும். அப்ளாட், சியர், நாட், வேவ், கிரீட், வெல்கம், ரெஸ்பாண்ட், டாக் அபவுட், சப்போர்ட், எண்டார்ஸ், எம்பிரேஸ். கைதட்டுவது, ஆரவாரம் செய்வது, தலையாட்டுவது, கையசைப்பது, வரவேற்பது, பதிலளிப்பது, ஒன்றைப் பற்றிப் பேசுவது, ஆதரிப்பது என்று எல்லாமே வெளியே நடப்பவை. ‘நோ’, ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘வெயிட்’ போன்றவற்றோடு வைத்தால் வாக்கியம் தடுக்கும். ‘வான்ட்’ என்பதும் அப்படித்தான். விருப்பம் மனதின் நிலை, அதைச் செய்துகாட்ட முடியாது. அண்ணன் மகளின் மூன்று வரிகளும் இந்த இடத்தில்தான் தவறின.

கூடப் பிறந்தவர்கள்

சரி, காத்திருப்பதற்கு எந்தச் சொல்? ‘ஈகர்லி’. தமிழில் ஆவல் என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் மிக நெருக்கமானது அதுதான். ஆவலுக்கு ஒரு திசை உண்டு: இனி வரப்போகிறதை நோக்கி அது நீளும். ஈகர்லியும் அப்படியே. பரிசு முடிவுக்காக, பிரிந்தவர் வரவுக்காக, அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருப்பதெல்லாம் ஈகர்லி. என்தூசியாஸ்டிக்கலிக்குத் திசை கிடையாது. இப்போது கையில் இருக்கும் காரியத்தில் பொங்குவது அது. குழந்தை பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் ஈகர்லி. பிரித்த பிறகு உள்ளே இருந்ததை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு ஓடினால் என்தூசியாஸ்டிக்கலி.

‘ஈகர்’ என்ற சொல்லின் வேர் லத்தீனில் கூர்மை, புளிப்பு என்ற பொருளுடையது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘வினிகர்’ என்பதில் இருக்கும் பின்பாதியும் அதே வேர்தான். நாக்கில் சுருக்கென்று படுகிற புளிப்பையும், பொறுக்க முடியாத ஆவலையும் ஒரே வேரில் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இங்கேயே இன்னொரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் எழுதும் கடிதங்களில் இதைத்தான் அதிகம் திருத்தியிருக்கிறேன். ‘ஆவலுடன் காத்திருக்கிறேன்’ என்பதற்கு ‘ஆங்ஷஸ்லி வெயிட்டிங்’ என்று எழுதுவது. ஆங்ஷஸ்லியில் கவலை இருக்கிறது. அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் காத்திருக்கும் விதம் அது. தோழியின் திருமண அழைப்புக்குப் பதிலாக அதை எழுதினால், ஏதோ அசம்பாவிதம் நடக்குமோ என்று பயந்துகொண்டிருக்கிறீர்கள் என்ற தொனி வந்துவிடும். ‘ஆங்ஷஸ் டு’ என்று விருப்பத்தைச் சொல்வது ஆங்கிலத்தில் உண்டுதான். ஆனால் காத்திருப்பதோடு சேர்ந்தால் பதற்றம்தான் முன்னால் நிற்கும். அப்புறம், ‘அவெய்ட்’ என்று எழுதினால் அதன் பின்னால் ‘ஃபார்’ வேண்டாம். ‘வெயிட்’ என்று எழுதினால்தான் ‘ஃபார்’ வேண்டும்.

மற்ற உறவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘அவிட்லி’ வாசிப்பதற்கும் சேகரிப்பதற்கும் பார்ப்பதற்கும் வரும். லத்தீனில் பேராசை என்பது அதன் மூலம். எவ்வளவு கிடைத்தாலும் போதாமல் விழுங்கி விழுங்கி வாசிப்பவருக்கு அதுதான் சரியான சொல். ‘கீன்லி’ என்றால் கூர்மையாக, உன்னிப்பாக; ஒரு இழப்பை ஆழமாக உணர்வதற்கும், விட்டுக்கொடுக்காத போட்டிக்கும்கூட அது வரும். ‘ஃபெர்வன்ட்லி’யின் வேர் கொதிப்பது, நம்புவதற்கும் வேண்டிக்கொள்வதற்கும் ஏற்றது. ‘ஸெலஸ்லி’யை எச்சரிக்கையோடு தொடுங்கள். காவல் காப்பது, ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்ற இடங்களில் வரும், கொஞ்சம் பிடிவாத வாடையும் அடிக்கும். ‘ஜெலஸ்’ என்ற சொல்லும் அதே கிரேக்க வேரில் பிறந்ததுதான்.

‘எக்ஸைட்டட்லி’யையும் இதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. எக்ஸைட்டட்லியில் ஒரு படபடப்பு உண்டு. குழந்தைகள் ஒரே நேரத்தில் எல்லோரும் பேசுவது, நாய்க்குட்டி வாசலில் குதிப்பது. நிதானமான ஒரு பேராசிரியர் தனக்குப் பிடித்த பாடத்தை நடத்தும்போது படபடப்பே இருக்காது. ஆனால் அவர் என்தூசியாஸ்டிக்கலி நடத்துவார்.

‘ஹோல்ஹார்ட்டட்லி’தான் இன்னும் நுட்பமானது. அது முழுமனதோடு. அங்கே சத்தம் தேவையில்லை, ஐயம் இல்லாமல் இருந்தால் போதும். ஒரு யோசனையை மெல்லிய குரலில் ஒரே வார்த்தையில் ஏற்றுக்கொண்டவர்கூட ஹோல்ஹார்ட்டட்லி ஒப்புக்கொண்டவராக இருக்கலாம். கூட்டத்தில் எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டியவர் என்தூசியாஸ்டிக்கலி வரவேற்றவர்; ஆனால் முழுமனதோடுதானா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒரு மனிதரின் குணமே மாறிப்போகும்.

உள்ளே இருந்த கடவுள்

இந்தச் சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதன் போக்கு தானாகப் புரியும். கிரேக்கத்தில் ‘என்’ என்றால் உள்ளே, ‘தியோஸ்’ என்றால் கடவுள். கடவுள் உள்ளே புகுந்த நிலைதான் ‘என்தூசியாஸ்மோஸ்’. நம் மொழியில் இதற்கு விளக்கமே தேவையில்லை. சாமி வந்தது போல ஆடினான் என்று நாம் சொல்வது அதையேதான். சாமி வந்தவர் அமைதியாக உட்கார்ந்திருப்பதில்லை. உடம்பெல்லாம் அது தெரியும். வெளியே தெரிய வேண்டும் என்று மேலே நான் சொன்னதற்கு இந்த வேரைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘என்தூசியாஸம்’ ஆங்கிலத்துக்கு வந்தபோதும் இந்தப் பொருளோடுதான் வந்தது. அப்புறம் அது வசைச்சொல்லாகவே ஆனது. தன்னிடம் கடவுள் நேரடியாகப் பேசுகிறார் என்று சொல்லிக்கொள்பவர்களைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார்கள். ஜான் லாக் தன் பெரிய தத்துவ நூலின் நான்காம் பதிப்பில், 1700இல், இதற்கென்றே ஓர் அத்தியாயத்தைச் சேர்த்து, அறிவைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளுணர்ச்சியை நம்புவதைக் கண்டித்தார். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும் கடவுள் தனக்கு மட்டும் வெளிப்பட்டார் என்ற வீண் நம்பிக்கை என்றுதான் முதல் பொருளைக் கொடுக்கிறது. இன்றைய நல்ல பொருள் மெல்ல மெல்லத்தான் மேலே வந்தது.

இது வெறும் வரலாறு இல்லை, வேலைக்கு உதவும். 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தை வாசிக்கும்போது இந்தக் குடும்பத்துச் சொல் எது வந்தாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். அங்கே ‘என்தூசியாஸ்ட்’ என்பவர் ஆர்வலர் இல்லை, பெரும்பாலும் மதவெறி பிடித்தவர். அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் மற்றொருவரை அப்படி அழைத்தால் அது பாராட்டு இல்லை. உற்சாகம் என்று மொழிபெயர்த்தால் பத்தி முழுவதும் தலைகீழாகிவிடும்.

வாக்கியத்தில் எங்கே நிற்கும்

இடம் பற்றிக் கொஞ்சம். செயப்படுபொருள் இல்லாத வினை என்றால் பின்னால் வருவதுதான் இயல்பு: ‘ஷி நாடட் என்தூசியாஸ்டிக்கலி.’ செயப்படுபொருள் இருந்தால் வினைக்கு முன்னாலோ, செயப்படுபொருளுக்குப் பின்னாலோ வைக்கலாம். ‘தே என்தூசியாஸ்டிக்கலி சப்போர்ட்டட் த பிளான்’ சரி. ‘தே சப்போர்ட்டட் த பிளான் என்தூசியாஸ்டிக்கலி’யும் சரி. ‘தே சப்போர்ட்டட் என்தூசியாஸ்டிக்கலி த பிளான்’ மட்டும் வேண்டாம். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே இந்தச் சொல் புகுவதை ஆங்கிலக் காது ஏற்காது. தமிழில் ‘திட்டத்தை உற்சாகமாக ஆதரித்தார்கள்’ என்று நடுவில் வைத்தே நாம் பழகியவர்கள், அதனால் கை தானாக அங்கே போகும். கவனித்துத் தடுங்கள்.

இரண்டு இடத்திலும் வைக்கலாம் என்றால் எதை எடுப்பது? வாக்கியத்தின் கடைசியில் இருப்பதற்குத்தான் அழுத்தம் அதிகம். ஆதரித்த விதத்தைச் சொல்ல வேண்டும் என்றால் கடைசியில் வையுங்கள். திட்டம்தான் முக்கியம் என்றால் முன்னால் வைத்துவிட்டுப் போங்கள்.

‘சீம்’, ‘சவுண்ட்’, ‘லுக்’, ‘ஃபீல்’ போன்ற வினைகளுக்குப் பின்னால் வினையடை வராது, பெயரடைதான் வரும். அவள் உற்சாகமாகத் தெரிந்தாள் என்பதற்கு ‘ஷி சவுண்டட் என்தூசியாஸ்டிக்’ என்று நிறுத்திவிட வேண்டும். தமிழில் இரண்டுக்கும் ‘உற்சாகமாக’ என்றே சொல்கிறோம். அதனால்தான் இந்தப் பிழை நமக்குக் கண்ணில் படுவதில்லை. அவள் என்ன செய்தாள் என்று சொல்கிறோமா, எப்படித் தெரிந்தாள் என்று சொல்கிறோமா என்று பிரித்துப் பாருங்கள்.

எழுத்துக்கூட்டல்: ‘ஐ-சி’யில் முடியும் பெயரடையை வினையடையாக்க ‘ஏ-எல்-எல்-ஒய்’ சேர்க்க வேண்டும், வெறும் ‘எல்-ஒய்’ போதாது. ‘பப்ளிக்லி’ ஒன்றுதான் நாம் அடிக்கடி சந்திக்கும் விதிவிலக்கு. எழுதும்போது சேர்க்கும் அந்த ‘ஏ’யும் ஓர் ‘எல்’லும் வாயில் வராது. நான் இங்கே ‘க்கலி’ என்று எழுதுவது எழுத்தை ஒட்டி. பேச்சில் இன்-தூ-ஸி-ஆஸ்-டிக்-லி என்று ஆறு அசைதான். அழுத்தம் ‘ஆஸ்’ மேல். ‘தூ’வைச் சொல்லும்போது நாக்கு நுனி பற்களுக்கு நடுவே லேசாக நீண்டு காற்று வெளியே வர வேண்டும், நம் தகரம் போல முட்டி நிற்கக் கூடாது. பிரிட்டிஷ் உச்சரிப்பில் அது ‘தியூ’ ஆகும். அடுத்து வரும் ‘ஸி’, ‘ஸீப்ரா’வின் முதல் ஒலி. பத்து முறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், பதினோராவது முறை பயமில்லாமல் வரும்.

சொல் தலைகீழாகும் இடங்கள்

அகராதியில் அதிகம் கிடைக்காததை இப்போது சொல்கிறேன். ‘எ லிட்டில் டூ என்தூசியாஸ்டிக்கலி’ என்று வந்தால் அங்கே பாராட்டு இல்லை. ஒருவர் செடியை ‘கொஞ்சம் அதிக உற்சாகத்தோடு’ கத்தரித்தார் என்றால், வெட்ட வேண்டியதற்கு மேல் வெட்டிவிட்டார் என்று பொருள். பிரேக்கை அப்படி மிதித்தார் என்றால் வண்டி குலுங்கி நின்றது. ஆங்கிலக்காரர்கள் பிழையை மென்மையாகச் சொல்லும் வழி இது. தமிழில் ‘அளவுக்கு மீறி’, ‘ஒரேயடியாக’ என்பவைதான் அங்கே பொருந்தும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ‘லெஸ் தேன் என்தூசியாஸ்டிக்கலி’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் உற்சாகம் கொஞ்சம் குறைவு என்றுதான் தோன்றும். உண்மையில் வேண்டாவெறுப்பாக என்று பொருள். ‘நாட் வெரி என்தூசியாஸ்டிக்கலி’ என்றால் அரைமனதாக. மேலதிகாரி உங்கள் யோசனையை அப்படி ஏற்றுக்கொண்டார் என்று யாராவது எழுதியனுப்பினால், ஏற்றுக்கொண்டார் என்பதை மட்டும் படித்து மகிழ்ந்துவிடாதீர்கள்.

இன்னொரு இடத்தில் நானே விழுந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சொற்பொழிவு பற்றிய குறிப்பை மொழிபெயர்த்தேன். சொற்பொழிவு ‘என்தூசியாஸ்டிக்கலி ரிசீவ்ட்’ என்றிருந்தது. ‘சொற்பொழிவு உற்சாகமாகப் பெறப்பட்டது’ என்று எழுதினேன். அச்சாகியும் வந்துவிட்டது. அச்சில் அதைப் படித்தபோது முகம் சுருங்கிப்போனது. ஒரு தமிழரும் வாய்திறந்து சொல்லாத வாக்கியம். ‘சொற்பொழிவுக்கு நல்ல வரவேற்பு’ என்று மூன்றே சொல்லில் முடிந்திருக்கும். அன்றைக்குத்தான் அந்தக் குறிப்பேட்டில் முதல் பக்கம் எழுதினேன்.

அதிலிருந்து நான் கடைப்பிடிப்பது இது. இந்த வினையடையைத் தனியாக மொழிபெயர்ப்பதில்லை, வினையோடு சேர்த்து ஒரே மூச்சில் தமிழாக்குகிறேன். தலையாட்டினால் ‘வேகமாகத் தலையாட்டினாள்’. கைதட்டினால் ‘கைதட்டி ஆரவாரித்தார்கள்’. ஒப்புக்கொண்டால் ‘கேட்டதும் சரி என்றார்’. ஆதரித்தால் ‘முழுமூச்சாக ஆதரித்தார்’. பேசினால் ‘கண் விரியப் பேசினார்’. வேலை செய்தால் ‘மும்முரமாக’. உற்சாகமாக என்ற சொல்லே வராமல் உற்சாகம் முழுவதும் வந்துவிடும். விளையாட்டு, கொண்டாட்டம், பயணம் போன்ற இடங்களில் ‘உற்சாகமாக’ அப்படியே நன்றாக இருக்கும். அங்கே அதை ஒதுக்கவும் தேவையில்லை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் இதே கணக்குதான். ‘ஆர்வத்துடன்’ என்று மனதில் வந்ததும் இந்த நீளமான சொல்லை எடுக்காமல், எந்த வினையோடு வருகிறது என்று பாருங்கள். படித்தான் என்றால் அவிட்லி, காத்திருந்தான் என்றால் ஈகர்லி, கவனித்தான் என்றால் கீன்லி. விண்ணப்பக் கடிதத்தில் இன்னும் ஒரு கவனம்: உங்களைப் பற்றி நீங்களே என்தூசியாஸ்டிக்கலி என்று எழுதிக்கொள்வதைவிட, உங்கள் செயலைப் பார்த்து மற்றவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதில் அது வந்தால் படிப்பவர் நம்புவார்.

அண்ணன் மகளிடம் இதைச் சொன்னதும், “அப்ப எல்லாத்தையும் எடுத்துடவா அத்தை?” என்றாள்.

“நீ பாடம் எடுத்தப்ப யாராவது உற்சாகமா ஏதாவது செஞ்சாங்களா?”

பயிற்சிக் காலத்தில் பின்னங்களைச் சொல்லிக்கொடுக்கக் காகிதத்தை மடித்து மடித்துக் காட்டினாளாம். அதுவரை வாயே திறக்காத பின்வரிசைப் பிள்ளைகள், “நான் சொல்றேன், நான் சொல்றேன்” என்று எழுந்து நின்றார்களாம். அதைச் சொல்லும்போது அவளே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். கையை வேறு உயர்த்திக் காட்டினாள்.

“அதை எழுது.”

கணிதம் தெரியும் என்ற வரி போனது. அந்த இடத்தில் காகித மடிப்பு வந்தது, பிள்ளைகள் ‘ரெஸ்பாண்டட் என்தூசியாஸ்டிக்கலி’ என்று ஒரே ஒரு முறை இந்தச் சொல் வந்தது. முதல் வரியில் ‘ஐ வுட் லைக் டு’ என்று எளிமையாக மாற்றினோம். கடைசி வரிக்கு ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்று வைத்தாள். ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு அன்று மாலையே அனுப்பிவிட்டாள்.